சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கட்டடம்

தன் பெருமையைத் தானே பேசுவது அழகில்லை என்பார்கள். அழகில்லாமல் போகட்டும். இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். இப்போது பேசத்தான் போகிறேன்.

கட்டட வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாளின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ‘வடிவமைத்தவர்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘வரைந்தவர்’ என்று இன்னொரு வரி. இருபத்திரண்டு வருடமாக என் பெயர் கீழ் வரியிலேயே இருந்தது. மேல் வரியில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். படிக்கட்டு எந்தப் பக்கம் ஏறும் என்று தெரியாதவர்கள்கூட வந்தார்கள். அவர்களுடைய படிக்கட்டுகளை எல்லாம் நான்தான் சத்தமில்லாமல் சரி செய்து வைத்தேன். உள்ளுக்குள் வயிறு எரியும். வெளியே பென்சில் சீவிக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் குடியிருப்புக்கு ஒரு மையம் கட்டும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பன்னிரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள், அறுநூறு வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது வரும் பார்சல் வந்த வழியே திரும்பிப் போகும். ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமானால் அரை நாள் லீவு. துணி துவைக்கும் மெஷினுக்கு வீட்டில் இடமே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மா வரும்வரை காத்திருக்கும். இதற்கெல்லாம் ஒரே இடம் வேண்டும், அதுவும் நடக்கிற தூரத்தில். அதுதான் வேலை.

அலுவலகத் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் கோப்பை என் மேஜையில் வைத்தார்.

“உங்க குடியிருப்புதானேம்மா? நீயே பண்ணு. மேல் வரியில உன் பேரே இருக்கட்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை ஸ்கூட்டரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். பாதி வழியில்தான் ஞாபகமே வந்தது.

வேலையை முறையாகத்தான் ஆரம்பித்தேன். பதினோரு நாள் முன் கேட்டில் ஒரு முக்காலி, ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். “உங்களுக்கு என்ன வேணும்?” மருந்துக் கட்டு மாற்ற ஒரு அறை என்றார்கள். பார்சல் வாங்கி வைக்க ஒரு ஜன்னல் என்றார்கள். துவைக்கும் மெஷின் என்றார்கள். வாசிக்க ஓர் இடம் என்றார் முதல் மாடி வாத்தியார். உடற்பயிற்சிக் கூடம் என்றார் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஒருவர். எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை என்று மார்தட்டிக்கொண்டேன்.

இடம் குடியிருப்பின் நடுவில் கிடந்த பழைய வண்டி நிறுத்தம். தார் போட்ட தரை. அதில் கிழக்கு மேற்காக அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு கட்டடம் வரைந்தேன். நடுவில் முற்றம். கிழக்கே பெரிய சாலையைப் பார்த்து அகலமான வாசல். பாதுகாப்புக்காக இரண்டு முனையிலிருந்தும் குடியிருப்பின் மதில்வரை வேலி. முற்றத்தைப் பார்த்துப் பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஒப்புதல் குழு ஒரு திங்கட்கிழமை நேரில் வருவதாக இருந்தது. தாளில் காட்டினால் யாருக்குப் புரியும்? நான் கட்டடத்தைத் தரையிலேயே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பள்ளி மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியை இரவல் வாங்கினேன். ஒன்றுக்கு ஒன்று, நிஜ அளவு. சுவர் இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு, கதவு இருக்கும் இடத்தில் இடைவெளி. வண்டியைத் தள்ளியது என் வீட்டுக்காரர். வேன் ஓட்டுகிறவர், வளைவுகளை அழகாகத் திருப்புவார்.

“நேரா போங்க. கோணுது பாருங்க.”

“பதினெட்டு வருஷமா நீ கிழிச்ச கோட்டைத் தாண்டாம நடக்கிறவன் நான். எனக்கே சொல்லித்தர்றியா?” என்றார்.

குழு வருவதற்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பையே கூப்பிட்டேன். வந்தார்களே! ஒருவர்கூடச் சுவர் வழியே நடக்கவில்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்கு வந்து வரிசையாக உள்ளே போனார்கள். ஓர் அம்மாள் காற்றில் கையை மடக்கி, “கதவைத் தட்டட்டுமா?” என்று கேட்டார். வாத்தியார் வாசிப்பு அறையில் நின்று இல்லாத அலமாரியை அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன.

கீழ் வீட்டில்தான் என் அக்கா இருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல்தான் எப்போதும் நடப்பாள். அன்று மட்டும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அறை அறையாக நிதானமாகச் சுற்றினாள்.

“நல்லாத்தான் இருக்குடி” என்றாள். என் அக்காவின் வாயிலிருந்து இது வருவது லேசில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரை எடுக்கக் கீழே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தெற்குச் சுவரில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஓர் ஓட்டை. நேர் எதிரே வடக்குச் சுவரிலும் ஓர் ஓட்டை. மற்றபடி கோடு முழுவதும் பளிச்சென்று இருந்தது. அந்த இரண்டு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து காணாமல் போயிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அதை மறைப்பதற்கில்லை. பந்து விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினேன். பிள்ளைகள் சத்தியம் செய்தன. நம்பவில்லை. மாலையில் குனிந்து குனிந்து இரண்டு சுவரையும் திரும்பக் கட்டினேன், அதாவது கோடு போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி அதே இரண்டு ஓட்டை, அளவு பிசகாமல் அதே இடம். குடிதண்ணீர் லாரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர், “நான் போன வாரத்துக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரலியேம்மா” என்றார். யாருக்கோ என் மேல் பொறாமை என்று தீர்மானித்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது. பொறாமைப்பட ஏதோ ஒன்றை நான் செய்திருக்கிறேன் அல்லவா?

“யாருன்னு கையும் களவுமா பிடிக்கிறேன் பாருங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“பிடிச்சு?”

“கோட்டைப் போட வைப்பேன். குனிஞ்சு, கையால.”

புதன்கிழமை காலை ஐந்தே காலுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்தரை ஆவதற்குள் கதவுகள் திறந்து மூடும் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, பாதி உலர்ந்த தலை. ஆஸ்பத்திரிச் சீருடை, தொழிற்சாலைச் சீருடை, துப்புரவுச் சீருடை. ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. நேராக வந்தார்கள், என் தெற்குச் சுவரை மிதித்தார்கள், என் முற்றத்தைக் கடந்தார்கள், என் வடக்குச் சுவரை மிதித்தார்கள், பின் மதிலில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக வெளியே போனார்கள். அங்கே பின் சாலையில் ஐந்து நாற்பது பஸ்.

நான் பாய்ந்து வெளியே வந்து, “நில்லுங்க!” என்று கத்தினேன்.

நின்றது ஒரே ஆள். என் அக்கா.

“ஐயோ, பயந்தே போனேன். இந்த நேரத்துல இங்க என்னடி பண்ற?”

“நீயா? நீயுமா? ரெண்டு நாளா நான் முதுகு ஒடியக் கோடு போடறேன், நீ மிதிச்சுக்கிட்டுப் போறியா?”

அக்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அடியில் வெள்ளை அப்பியிருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. “அட ஆமா. உன் கட்டடம்னு மனசுக்குத் தெரியும்டி. காலுக்குத் தெரியலையே. பத்தொன்பது வருஷமா இப்படித்தானே போறேன்.”

“பத்தொன்பது வருஷமா?”

“பின்னே? முன் கேட்டு வழியாச் சுத்திப் போனா ஒன்பது நிமிஷம் கூட ஆகும். இந்த பஸ் போச்சுன்னா அடுத்தது ஆறே கால்.”

“அன்னைக்கு வந்து எல்லா ரூமும் சுத்திப் பார்த்தியே. இங்க சுவர் வந்தா எப்படிப் போவேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்ல என்ன இருக்கு? இப்ப நாலே முக்காலுக்கு எந்திரிக்கிறேன். கட்டி முடிச்சா நாலரைக்கு எந்திரிச்சுட்டுப் போறேன்.” அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டாள். திரும்பிப் பார்த்துச் சொன்னாள், “பஸ் முழுக்கச் சொல்லிட்டேன்டி. எல்லாருக்கும் தெரியும், என் தங்கச்சி கட்டற கட்டடம்னு. அவங்களும் சுத்திப் போறேன்னுட்டாங்க. நீ கவலைப்படாதே.”

பஸ் போய்விட்டது. நான் என் முற்றத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் எனக்காகக் கால் மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள் பேச்சைக் கேட்டு ஒரு பஸ்ஸே விட்டுக்கொடுத்துவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது.

எங்கே பிசகினேன் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ்காரி நான். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் போகிறவர்கள் வருகிற கேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டரைக்கு ஸ்கூட்டரில் போகிறவளுக்குக் குடியிருப்பின் பின்பக்கம் ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. தரை மண்ணாக இருந்திருந்தால் ஒற்றையடிப் பாதை காட்டிக்கொடுத்திருக்கும். தார் ஒன்றையும் காட்டவில்லை. அப்புறம், என்ன வேண்டும் என்றுதானே கேட்டேன்? கையில் இருப்பதை வேண்டும் என்று யார் கேட்பார்கள்? எங்களுக்குக் காற்று வேண்டும் என்றா சொல்வார்கள்?

அலுவலகத்துக்குப் போனதும் பெரிய சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “ஒரு சின்னப் பின் கதவு வச்சிடு” என்றார்.

“கதவு இல்ல சார். வழி. எப்பவும் திறந்திருக்கிற வழி. கட்டடத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவுல விட்டுடலாம்.”

“முற்றம்?”

“போயிடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். “குழு வர்றதுக்கு அஞ்சு நாள் இருக்கு. பழைய படம்தான் போகும். உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு, மேல் வரியில என் பேரைப் போட்டுக்கறேன். நீ வழக்கம்போல வரைஞ்சவங்க.”

ஒரு நிமிடம் தடுமாறினேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த மேல் வரி எனக்கு எவ்வளவு பெரிதென்று அவருக்கும் தெரியும். பழைய படமே போனால் தப்பான கட்டடத்தின் மேல் வரியில் என் பெயர் இருக்கும். மாட்டேன் என்றால் அந்த வரியிலிருந்து என் பெயரே போய்விடும். அக்கா நாலரைக்கு எழுந்து இருட்டில் செருப்பைத் தேடுவது கண்ணுக்குள் வந்தது.

“உங்க பேரையே போட்டுக்கங்க சார். ஆனா வரைஞ்சவங்க வரியிலயும் என் பேர் வேண்டாம். அந்தச் சுவரை நான் வரைய மாட்டேன்.”

அவருக்கு முகம் சிவந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோட்டைக்கூட வரைய மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. வாசல்வரை போனவள் திரும்பினேன். வாய் சும்மா இருக்காதே.

“ஒண்ணே ஒண்ணு சார். வெள்ளிக்கிழமை காலையில அஞ்சரைக்கு வந்து அந்தச் சுவர்மேல நில்லுங்க. பத்து நிமிஷம். அப்புறமும் சுவர் வேணும்னா கட்டுங்க.”

வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தார். கசங்கிய சட்டையும் தூக்கம் கலையாத முகமுமாக வந்து, என் தெற்குச் சுவரின்மேல், ஓட்டைக்கு நடுவில், தோல்பையோடு நின்றார். நான் தள்ளி நின்றுகொண்டேன். முதலில் இரண்டு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஏழெட்டுப் பேர். பிறகு எண்ண முடியவில்லை. ஒருவரும் அவரை ஏனென்று கேட்கவில்லை. அவர் தோள்மேல் ஒரு துணிப்பை உரசியது, இன்னொரு தூக்கு அவர் முழங்கையில் இடித்தது. எதிர்த் திசையிலிருந்து இரவு வேலை முடித்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் நடந்தபடியே சாவி மாற்றிக்கொண்டார்கள், “பிள்ளை பால் குடிச்சிட்டான்” என்று சொல்லிக்கொண்டார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள். அறுநூறு வீட்டின் பாதிக் குடும்பம் நடந்தது அந்த வழியில்தான்.

பெரிய சார் பையைத் திறந்தார். அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் மூட்டையோடு இரண்டு பேர் எதிரெதிரே கடந்த இடத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீ எவ்வளவு நினைச்சிருக்கே?”

“ரெண்டரை மீட்டர் சார்.”

“போதாதும்மா. பேசிக்கிட்டே போறாங்க. மூணரை வை.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, கோபம் வருமோ என்று சத்தமில்லாமல் போய்விடுவார். எனக்குக் கோபம் எங்கே வந்தது? கை ஓடிய ஓட்டம் அப்படி. வழி என்று ஒன்று கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. துவைக்கும் அறையின் ஜன்னல் வழியைப் பார்த்து. போகும்போது அழுக்குப் பையைக் கொடுத்துவிட்டு, வரும்போது மடித்த துணியை வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில் பார்சல் ஜன்னல். எதிரே கட்டு மாற்றும் அறை, வாசலில் பெஞ்சு. விண்ணப்பம் நிரப்பும் மேஜை, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி. பிள்ளைகள் அறைக்கு வழிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வேலை முடிந்து வருகிற அம்மாவைப் பிள்ளை இருபது மீட்டர் முன்னாலேயே பார்த்துவிடும். பழைய படத்தில் எல்லோரும் மையத்துக்கு வர வேண்டும். புதுப் படத்தில் அவர்கள் போகிற போக்கில் மையம் நிற்கும். யார் போட்டாலும் நல்ல படம்தான் அது. போட்டது நான்.

திங்கட்கிழமை குழு வந்தது. தலைவி ஓர் அம்மாள், வாய்ப்பேச்சு குறைவு, பார்வை கூர்மை. வீட்டுக்காரர் முந்தின இரவு போட்டுவைத்த புதிய சுண்ணாம்புக் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நல்ல நீளமான கட்டடம். நடுவுல இப்படி வெட்டியிருக்கீங்களே, ஏன்?”

“நான் வெட்டலைங்க. பத்தொன்பது வருஷமா அவங்க நடக்கிற வழி. நான்தான் முதல்ல அது மேல சுவரைப் போட்டேன். அது என் தப்பு.”

தப்பு என்று சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை. அவர் பெரிய சாரைப் பார்த்தார். “இது உங்க யோசனையா?”

பெரிய சார் வரைபடத்தை விரித்து, மூலையிலிருக்கும் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். “மேல் வரியைப் பாருங்க. அவங்க யோசனை. மூணரை மீட்டர் மட்டும் என்னுது.”

கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. கொத்தனாரோடு பத்துத் தடவை சண்டை போட்டேன், பதினோராவது தடவை அவர் என்னைக் கண்டதும் சுவரின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தானே எடுத்து வைத்துக் காட்டினார். வேலை நடந்த நாளெல்லாம் வழியை மட்டும் பலகை போட்டுத் திறந்தே வைத்திருந்தோம். ஒருவர்கூட ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. திறப்பு விழாவில் பேசினார்கள், கை தட்டினார்கள், என் பெயரை ஒலிபெருக்கியில் தப்பாகச் சொன்னார்கள். நான் மேடைக்கே போய்த் திருத்தினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போய் வழியின் நடுவில் நின்றேன். கூரைக்கு அடியில் விளக்குகள் எரிந்தன. துவைக்கும் அறையில் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. இத்தனை வருடத்தில் என் கண் முன்னால் நிஜமாக நிற்கிற என் முதல் கட்டடம். அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது என்னைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்ற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம். யாரோ ஒரு பெண், எனக்குத் தெரியாதவள், தொழிற்சாலைச் சீருடை, இரண்டு கையிலும் பை. என்னை முழங்கையால் ஒதுக்கினாள்.

“ஏம்மா, இப்படி நடுவழியில நின்னா எப்படி? நாங்க போக வேணாமா? பஸ் வந்துடும், ஓரமாப் போய் நில்லுங்க.”

வேறு எங்கேயாவது இப்படிப் பேசியிருந்தால் நடந்ததே வேறு. அன்று நான் ஓரமாகப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். அவள் பையை ஜன்னலில் வைத்துவிட்டு, ரசீதைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர், பேசிக்கொண்டே, ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனார்கள். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். கடைசி ஆள் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.